கூட நின்றவனுக்கு என்ன கொடுப்பது?



ஆவணி பிறந்துவிட்டது. ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபங்களின் வாசலில் மறுபடியும் வாழை மரம் கட்டுகிறார்கள். நமக்கு வரும் தபாலிலும் கல்யாணப் பேச்சுதான். சீக்கிரமே மாப்பிள்ளையாகப் போகும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கூட நிற்கப் போகிற நண்பர்கள் 6 பேருக்கு ஏதாவது செய்யணும் சார். எங்க ஜோடிப் படமும் அவங்க பேரும் போட்ட காபி கப் வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. உங்கள் ஜோடிப் படம் உங்கள் அம்மாவுக்கு அழகு. அதைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டிய கட்டாயம் அந்த நண்பனுக்கு எதற்கு? இரண்டு மாதத்தில் அந்தக் கப்பில் பேனாவும் சீப்பும் நிற்கும்.

கூட நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நல்ல எண்ணம், பழைய எண்ணமும்கூட. யாழ்ப்பாணத்து இந்துக் கல்யாணங்களில் தோழன் என்றால் பெண்ணின் சகோதரன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவிக் கைபிடித்து உள்ளே அழைத்து வருவார். பதிலுக்கு மாப்பிள்ளை அவர் விரலில் மோதிரம் போடுவார். இங்கே தமிழ்நாட்டிலும் பொரியிடும் சடங்கு உள்ள வீடுகளில், மணப்பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடும் மைத்துனனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. உறவுக்காரர்களுக்கு மரபே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் விட்டுப்போனவர்கள் நண்பர்கள்தான். விடியற்காலை மூன்று மணிக்கு ரயிலடியில் நின்று உங்கள் பெரியப்பாவைக் கூட்டி வருபவன், ஆள் வராத பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்குபவன், மொய் நோட்டோடு வாசலில் உட்கார்ந்துவிட்டு அப்பளம் தீர்ந்துபோன கடைசிப் பந்தியில் சாப்பிடுபவன். இவனுக்கு என்ன கொடுப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பெயர் போட்டுக் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. எந்த வீட்டுப் பரணிலும் ஒரு எவர்சில்வர் குடத்தையோ அடுக்கையோ எடுத்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். பாத்திரக்கடையில் ஒருவர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், பாத்திரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, பென்சிலால்கூடக் கோடு போடாமல், டக் டக் என்று புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போவார். வளைவான இடத்தில் 'ழ'கரச் சுழியைக் கொண்டுவரும்போது மட்டும் தட்டுகிற வேகம் குறையும். பிறகு கரண்டில் ஓடும் பேனா போன்ற மெஷின் வந்தது, இப்போது லேசர். அந்தப் பெயர் அலங்காரத்துக்காக வெட்டப்பட்டதல்ல. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன அண்டா அடையாளம் தெரிந்து வீடு திரும்ப வேண்டும், அதற்காக. ஆகவே என் யோசனை இதுதான்: பெயர் போடுகிற பொருளில் அந்தப் பெயருக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

அலுவலகத்தில் மாறிப்போகிற தண்ணீர் பாட்டில், டிபன் கேரியர். வண்டி ஸ்டாண்டில் ஒன்றுபோலவே தொங்கும் ஹெல்மெட். ஐந்து பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறையில் யாருடையது என்று தினமும் தகராறு நடக்கும் சார்ஜரும் துண்டும். இவற்றிலெல்லாம் பெயர் இருந்தால் அது உழைக்கும். மொய் எழுதியவனுக்கு நல்ல மைப்பேனா ஒன்று, மூடியில் அவன் பெயரோடு. அவனிடம் பேனா வாங்கித் திருப்பித் தராதவர்கள் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பர்ஸ் வாங்கினால் இனிஷியலை உள்மடிப்பில் போடச் சொல்லுங்கள். வெளியே பளிச்சென்று போட்டால் மெடல் மாதிரி ஆகிவிடும். பர்ஸைக் காலியாகக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை. 101 ரூபாயாவது வைத்துக் கொடுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடிகிறவர்களுக்குப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையின் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, நூல் பாவில் நெய்கிறார்கள். கல்யாணத்துக்கென்று மணமக்களின் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுப்பது அந்த ஊர் வழக்கம். உங்களுக்கு ஒன்று சொல்லும்போது, நண்பன் பெயரில் இன்னொன்றும் சொல்லிவிடலாமே. ஆனால் கேட்ட மறுநாள் கிடைக்கிற சரக்கல்ல. மிக மெல்லிய பாய்க்கு வாரக்கணக்கில் நெசவு பிடிக்கும். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிவைக்க வேண்டும்.

தமிழில் பெயர் பொறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லேசர் கடைக் கம்ப்யூட்டரில் எழுத்துரு சரியில்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்ந்துவிடும். கோபால் 'கே' ஆகவும் தனிக் காலாகவும் நிற்பார். முதலில் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே உலோகத்தில் வைக்கச் சொல்லுங்கள். பொறித்ததை அழிக்க ரப்பர் கிடையாது. இனிஷியலையும் அவனிடமே கேளுங்கள்; அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இப்போது நிறைய.

இன்னொன்று, ஒரே நிறச் சட்டை விவகாரம். நண்பர்கள் எல்லோரும் கத்தரிப்பூ நிறச் சட்டை, பட்டு பார்டர் வேட்டி என்று முடிவெடுப்பது மாப்பிள்ளை. துணிக்கும் தையல் கூலிக்கும் பணம் கொடுப்பது நண்பர்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறம் உங்கள் விருப்பமென்றால் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும், அதைப் பரிசுக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். அப்புறம், வேட்டி கட்டிப் பழகாத பையனுக்கு 8 முழம் வேட்டியைக் கொடுத்து வாளியைத் தூக்கச் சொல்லாதீர்கள். ஒரு கை வாளியில், ஒரு கை இடுப்பில் என்று அவன் படுகிற பாட்டை எந்தப் பந்தியிலும் பார்க்கலாம். வெல்க்ரோ வைத்து, பாக்கெட்டும் வைத்த 'ஒட்டிக்கோ' வேட்டி இவர்களுக்காகவே வந்தது. அதை மட்டும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.

ஆறு பேருக்கும் ஒரே பொருள் வாங்க வேண்டியதில்லை. விலை மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். நண்பர்களும் விலை பார்ப்பார்கள், சொல்லமாட்டார்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஓடியாடியவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள், நீங்கள் ஓடியாடிய கல்யாணத்தில் என்ன கிடைத்தது, அது இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முன் வருகிற இதழில் வெளியிடுகிறோம். காபி கப்பில்தான் இன்றும் காபி குடிக்கிறேன் என்கிறவர்களும் எழுதலாம், படத்தோடு.

அன்புடன்,
ஆசிரியர்