ராவா அடிச்சாத்தான் ஆம்பளையா?

"ரம்முல அன்னாசி ஜூஸா? எலுமிச்சையா? அதெல்லாம் பொம்பளைங்க குடிக்கிறது மச்சி." தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடின்னு எங்க டெல்டா பக்கம் எந்தக் கூட்டத்துல காக்டெயில்னு வாயைத் திறந்தாலும் விழுற முதல் டயலாக் இது. ரெண்டாவது இன்னும் விசேஷம்: "அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"

மக்களே, ரெண்டுமே பேத்தல். பின்னாடி சொன்னதுலேர்ந்து வருவோம்.

ரம் எதுலேர்ந்து வருது? கரும்புலேர்ந்து. ஆலையில சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுற கருப்புப் பாகுதான் மொலாசஸ். அதைப் புளிக்க வச்சு வடிச்சா ரம். குருங்குளம் சர்க்கரை ஆலைக்குப் போற லாரி பின்னாடி ஓடிக் கரும்பு உருவின பயலுக, இன்னிக்கு ரம் காக்டெயிலை அந்நியச் சரக்குங்கறாங்க! "நான் பிராந்தி பார்ட்டி"ன்னு நெஞ்சை நிமித்துற அண்ணன்களுக்கும் ஒரு சேதி. நம்ம ஊர்ல பிராந்தி, விஸ்கின்னு விக்கிற மலிவுச் சரக்குல பெரும்பாலானது இதே மொலாசஸ் ஸ்பிரிட்டுதான். மொலாசஸ்ல வடிச்சதுக்கு விஸ்கின்னு பேர் ஒட்டி ஐரோப்பிய யூனியன்ல விக்கவே முடியாது. ஆக லேபிள் எதுவா இருந்தாலும் நீங்க குடிக்கிறது கரும்புதான் சாமி.

இன்னொரு கதையும் இருக்கு. 1848ல பிரான்ஸ் தன்னோட காலனிகள்ல அடிமை முறையை ஒழிச்சது. அப்புறம் கரீபியன் தீவுகள்ல கரும்பு வெட்ட ஆள் வேணுமே? பாண்டிச்சேரியிலயும் காரைக்கால்லயும் நம்ம சனங்களை ஒப்பந்தக் கூலிகளாக் கப்பல் ஏத்தினாங்க. 1853ல மார்த்தினிக், 1854ல குவாதலூப். அடுத்த முப்பது, முப்பத்தஞ்சு வருஷத்துல இந்தியாவிலேர்ந்து அந்த ரெண்டு தீவுக்கும் போனவங்க 60,000 பேருக்கும் மேல. அதுல பெரும்பகுதி தமிழங்க. காரைக்கால் வேற எங்கயோ இல்ல, நம்ம அரசலாறு கடல்ல சேர்ற ஊர். அந்தத் தீவுகள்ல இன்னிக்கும் மாரியம்மனைக் கும்பிடறாங்க. குவாதலூப்ல பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளிக்குக் குடியுரிமை கேட்டு 1904ல ஆரம்பிச்ச போராட்டம் 1923லதான் ஜெயிச்சது. மார்த்தினிக் ஆளுங்க தினப்படி குடிக்கிற பானம் என்ன தெரியுமா? ரம், ஒரு துண்டு எலுமிச்சை, கரும்புச் சர்க்கரை. அந்த ரம்முல நம்ம சனங்களோட வேர்வையும் கலந்திருக்கு. இவ்வளவு ஏன், ரம்மும் அன்னாசியும் எலுமிச்சையும் சேர்ற ஜங்கிள் பேர்ட் காக்டெயில் 1970கள்ல பிறந்ததே கோலாலம்பூர் ஹில்டன் ஓட்டல்லதான். வெள்ளைக்காரன் சமாச்சாரமாம்!

அடுத்தது ஆம்பளைத்தனம். கணக்கைப் பாப்போம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம்னா சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில 61 கிராம். லிவர் மணிக்கு ஏழிலேர்ந்து பத்து கிராம்தான் சமாளிக்கும். அதாவது ஆறு மணி நேரத்துக்கு மேல வேலை. நம்மாளு அதைப் பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி, மூக்கைச் சுளிச்சு, பத்தே நிமிஷத்துல இறக்கிட்டு, ஊறுகாயை நக்கிட்டு பைக்கை எடுக்கறான். லிவருக்கு ஓவர்கிளாக்கிங் எல்லாம் கிடையாது தலைவா. மூக்கைச் சுளிக்காம குடிக்க முடியாத ஒண்ணை அவசர அவசரமா முழுங்கறதுல என்ன வீரம் இருக்கு? விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தையும் அதைத்தானே பண்ணுது?

சரி, செய்முறை. கொல்லிமலை அன்னாசி கிடைச்சா விசேஷம். தோலைச் சீவி, மிக்ஸியில அடிச்சு வடிகட்டி 60 மில்லி. எலுமிச்சை பாதி மூடி, அப்பவே பிழியணும், முன்னாடியே பிழிஞ்சு வச்சா கசக்கும். அய்யம்பேட்டை, பாபநாசம் பக்கம் காய்ச்சுற அச்சு வெல்லத்தைச் சம அளவு வெந்நீர்ல கரைச்சு வடிகட்டி ரெண்டு டீஸ்பூன். டார்க் ரம் 45 மில்லி, அதுக்கு மேல வேண்டாம். எல்லாத்தையும் மூடி இறுக்கமா இருக்குற எவர்சில்வர் டப்பாவுல போட்டு, கை நிறைய ஐஸ் சேர்த்து, டப்பா வெளிப்பக்கம் வேர்க்கிற வரைக்கும் குலுக்குங்க. அன்னாசி தானா நுரை கட்டும், முட்டை கிட்டை தேவையில்ல. பாக்கெட் ஜூஸ் ஊத்தினா ஏற்கெனவே இருக்குற சர்க்கரையில எலுமிச்சை காணாமப் போயிடும். வெல்லத்துக்கும் ரம்முக்கும் பூர்வீகம் ஒண்ணு, அதனால ரெண்டும் சண்டை போடாது.

"தித்திப்புல போதை தெரியாது, நாலு டம்ளர் போயிடுமே?" நியாயமான கேள்வி. அதுக்குத்தான் அளக்கச் சொல்றேன். ஒரு டம்ளர்ல இருக்குறது 15 கிராம் ஆல்கஹால், உங்க குவார்ட்டர்ல கால்வாசி. கையால பழம் சீவி, பிழிஞ்சு, குலுக்கிச் செய்யறவன் ரெண்டாவது டம்ளருக்கு எழுந்திருக்க யோசிப்பான். மூடியைத் திருகிக் கவுத்தறவன் யோசிக்கவே மாட்டான். என் கட்சி இந்த ஒரே வித்தியாசம்தான்.

2003லேர்ந்து சில்லறை விற்பனையும் அரசாங்கம் கையில. பாட்டில் விக்குது, பாட்டில்ல எச்சரிக்கையும் அச்சடிக்குது. எவ்வளவு, எவ்வளவு நேரத்துலன்னு மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்ல. அந்த வேலையை "ராவா அடி மச்சி" கோஷ்டி எடுத்துக்கிச்சு. அதுக்கு விலை கொடுக்கறது நாத்து நட்டுட்டு வீட்டுக்கு வந்து, புருஷன் நிதானமா வர்றானான்னு வாசல் பாத்துட்டு உக்காந்திருக்குற பொம்பளைங்க. பொம்பளைங்க குடிக்கிறதுன்னு கிண்டல் பண்றதுக்கு முன்னாடி, பொம்பளைங்க பொறுத்துக்கறது என்னன்னு ஒரு தடவை யோசிங்கப்பா.

டிஸ்கி: குடிக்காதவங்களை ஆரம்பிக்கச் சொல்லல. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிடுச்சு. ரம் இல்லாமலும் இது அருமையா இருக்கும், குழந்தைங்களுக்கும் குடுக்கலாம். ரம்மோட குடிக்கிறவங்க 21 வயசு தாண்டிட்டு, பைக் சாவியை வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு உக்காருங்க. :-)