எண்ணெய்க் கறையும் படிப்புதான்

பேய்மழையில் சாலையோர மரம் சாய்ந்தால் உடனே சங்கிலி ரம்பத்தைத் தேடுகிறோம். ஆனால், அதைப் பழுதுபார்க்கும் இளைஞரைப் ‘படிப்பு ஏறாதவர்’ என்கிறோம். இது நியாயமா?

சுங்கை வேயில் வீட்டின் பின்புறம் ஒரு ரம்பத்தைப் பிரித்து மாட்டும் மாணவர் அறிவியலைத்தான் படிக்கிறார். பல ரம்பங்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் உராய்வுச் சூட்டில் பிஸ்டன் இறுகிவிடும். பாடநூலின் உராய்வு இங்கே கையில் சுடுகிறது.

ஆனால், இடைஞ்சல் என்று செயின் பிரேக்கைக் கழற்றி ‘மாடிஃபை’ செய்வது திறமையன்று. ரம்பத்தின் நுனி மேற்பகுதி மரத்தில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது நம்மை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்தக்கூடியது அந்தப் பிரேக்தான். அது ஏன் இருக்கிறது என்று புரிந்தவர் அதில் கை வைக்க மாட்டார்.

மாணவர்களே, கைத்திறனோடு காரணத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத் தொழில்களுக்கு எஸ்கேஎம் திறன் சான்றிதழ் உண்டு. அதன் மூன்றாம் நிலையைத் தாண்டி டிப்ளோமாவுக்கும் போகலாம். வேலை அனுபவத்தைச் சான்றாகக் காட்டி அதைப் பெறவும் வழியுண்டு. கறைபட்ட கைக்கும் பட்டயம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.