தரிசு என்றொரு பொய்

நீலகிரியின் பழைய நிலப்படங்களைக் காட்டி, "வெள்ளையர் வந்தபோது இது ஆளற்ற மலை, அவர்களே இதைக் கண்டுபிடித்தனர்" என்போர் இன்றும் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

1603-ஆம் ஆண்டிலேயே சேசு சபைக் குரு ஃபெனிசியோ மேற்குக் கரையிலிருந்து இம்மலை ஏறி வந்து, தோடரையும் படகரையும் கண்டு எழுதிவைத்தார். கேப்டன் வார்டு இம்மலையை அளந்தது 1821-இல். கேப்டன் ஆக்டர்லோனி மீண்டும் அளந்தது 1847-இல். அளவுச் சங்கிலி வருமுன்னரே இங்கு ஊர் இருந்தது, எருமை மந்தை இருந்தது, வழிபாடும் இருந்தது.

அளந்தவர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. 1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய அளவைப் பணி அரிய சாதனையே. ஆயினும் நிலப்படம் எதற்காக வரையப்படுகிறதோ அதையே காட்டும். வரியும் தோட்டமும் தேடிய கண்ணுக்கு, உழப்படாத புல்வெளி வீண்நிலமாகத் தெரிந்தது. அப்புல்வெளியே மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டியது என்பதை ஏக்கர்க் கணக்கு சொல்லவில்லை. தரிசு என்று பெயரிட்டபின் தேயிலையும் சீகையும் தைலமரமும் அங்கே ஏறின. ஆங்கிலேயர் ஏட்டில் கேத்தி 'கைட்டி' ஆயிற்று. பெயர் திரிந்தது சிறு பிழை. நிலத்தின் இயல்பைத் திரித்ததே பெரும்பிழை.

2009 நவம்பரில் ஒரே நாளில் கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்நாள்களில் நீலகிரியெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'இறைவன் சித்தம்' என்றனர் சிலர். மழை நம் கையில் இல்லை, மெய்யே. ஆனால் சரிவை வெட்டியதும், ஓடையை மறித்ததும், சதுப்பில் சுவர் எழுப்பியதும் யார் சித்தம்? நம் பிழையை இறைவன் கணக்கில் எழுதுவது பக்தியன்று, இறைநிந்தை. அதன் விலையைக் கொடுப்பவரோ, சரிவைவிட்டால் வேறிடம் வாங்க இயலாத எளியோர்.

பிறர் எல்லைக்கல்லைப் பெயர்க்கலாகாது என்பது மோசே வழிவந்த கட்டளை. ஓடைக்கும் எல்லை உண்டு. மண்ணின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்றே திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலும் கற்பிக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பங்கும் தன் ஊரின் ஓடை, ஊற்று, சதுப்பு, புல்வெளி, பழைய சரிவுத் தடம் ஆகியவற்றை மூத்தோரைக் கேட்டு ஒரு படத்தில் குறித்துவைக்கட்டும். நம் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் மதில் எழுப்புமுன், அப்படத்தை முதலில் நாமே விரித்துப் பார்ப்போம். நமக்கு விலக்களித்துக்கொண்டு பிறர்க்கு உபதேசம் செய்யும் உரிமை நமக்கில்லை.