வால் லைட்டுக்கு ஒரு வால்!

லீவுக்கு ஊர்ப்பக்கமா? விருதுநகர்ல எண்ணெய் புரோட்டாவை ஒரு கை பார்த்துட்டு, ஆமத்தூர், திருத்தங்கல் வழியா சிவகாசிக்கு பைக்கை விடுங்க. வழியில எங்கேயாவது ஒரு 'ஜோடி வண்டி' கண்ணுல படும். முன்னாடி பைக். பின்னாடி கொக்கி போட்டு மாட்டின ரெண்டு சக்கர வண்டி. மேல பிளாஸ்டிக் குடமோ, காலண்டர் கட்டோ, பழைய அட்டையோ மலை மாதிரி!

பகல்ல பார்த்தா செம ஐடியா. ராத்திரியில? பார்க்கவே முடியாது, அதான் மேட்டரே! பைக்கோட டெயில் லைட்டை அந்த லோடு மறைச்சிடும். சாத்தூர் பக்கம் நால்வழிச் சாலையில பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு அங்கே ஒரு வண்டி போகுதுன்னே தெரியாது.

'அதுக்கென்ன... டெயில் லைட் வயரை சீவி, முறுக்கி, டேப் சுத்தி, பின்னாடி ஒரு பல்ப் மாட்டினா முடிஞ்சுதே'ம்பீங்க. முடியாது பாஸ், அங்கேதான் ஆரம்பிக்குது.

முதல்ல கணக்கு. சாதாரண டெயில் பல்ப் 21/5 வாட்ஸ். 5 வாட்ஸ் எப்பவும் எரியும், பிரேக் பிடிச்சா 21 வாட்ஸ் சேரும். 12 வோல்ட்ல 21 வாட்ஸ்னா 1.75 ஆம்பியர். ட்ரெய்லருக்கும் அதே பல்பைப் போட்டா பிரேக்குக்கு மட்டும் 3.5 ஆம்பியர். பழைய கிக்கர் ஸ்ப்ளெண்டரோட பேட்டரியே 2.5 ஆம்பியர் ஹவர்தான்! ரயில்வே கேட்ல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே நின்னீங்கன்னா ஹாரன் தொண்டை கட்டிப்போகும்.

அதனால எல்.இ.டி. போடுங்க, ஒண்ணு ரெண்டு வாட்ஸ்ல வேலை முடிஞ்சுது. ஆனா அதுலயும் ஒரு குசும்பு இருக்கு. பழைய பைக் பலதுல ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில எரியாது. மேக்னட் காயில்ல இருந்து நேரா வர்ற ஏ.சி. கரண்ட்ல எரியும். பிரேக் லைட், ஹாரன், இண்டிகேட்டர் மட்டும் பேட்டரி. கண்டுபிடிக்கிறது ஈஸி: ஆக்ஸிலேட்டரை முறுக்கினா டெயில் லைட் பளிச்சுனு ஏறுதா? அப்போ ஏ.சி. அந்த வயர்ல எல்.இ.டி.யை மாட்டினா மினுக்கி மினுக்கி சீக்கிரமே கண்ணை மூடிடும்.

இண்டிகேட்டர் இன்னொரு வீம்புக்காரன். அந்த ஃப்ளாஷர் ஒரு பக்கத்துக்கு ரெண்டு 10 வாட்ஸ் பல்புன்னு கணக்குப் பண்ணிச் செஞ்சது. மூணாவது பல்ப் வந்தா துடிப்பு தாறுமாறாகும்.

அடுத்து எர்த். நம்ம ஆளுங்க பத்துல எட்டுப் பேர் கோட்டை விடுறது இங்கேதான். 'கொக்கி இரும்பு, வண்டியும் இரும்பு, அதுவே எர்த்'னு விட்டுடுவாங்க. கொக்கியில பெயின்ட் இருக்கும், துரு இருக்கும், ஒவ்வொரு குழிக்கும் குதிக்கும். எர்த் விட்டுப்போனா கரண்ட் சும்மா நிக்காது, வேற பல்ப் வழியா திரும்பப் பார்க்கும். பிரேக் பிடிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுற அந்தப் 'பேய்' இதுதான்! அதனால எர்த்துக்குத் தனி வயர் கட்டாயம். எர்த், டெயில், பிரேக், லெஃப்ட், ரைட்... மொத்தம் அஞ்சு.

மெயின் வயரிங் கிட்ல கத்தி வைக்காதீங்க. சீட்டுக்கு அடியில டெயில் லைட்டுக்குப் போற கப்ளர் இருக்கும், அங்கே இருந்து எடுங்க. சால்டர் வச்சு, ஹீட் ஸ்லீவ் ஏத்துங்க. வெறும் டேப் இந்த ஊர் சித்திரை வெயிலுக்குப் பசை உருகி, தானா அவுந்துடும். ட்ரெய்லர் லைனுக்குத் தனி பியூஸ் போடுங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்-6 பைக்னா ஈ.சி.யூ.ன்னு ஒரு கம்ப்யூட்டர் உள்ள உட்கார்ந்திருக்கு. மெக்கானிக் அண்ணன்கிட்ட சர்க்யூட் படத்தைக் காட்டிட்டு அப்புறம் கை வைங்க.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரர் முதல்ல குனிஞ்சு பார்க்கிறது உங்க கொக்கியைத்தான். லைட் எவ்வளவு அழகா எரிஞ்சாலும் அவருக்குக் கவலை இல்லை. அதனால மெயின் ரோட்டுக்குன்னா என் ஓட்டு குட்டியானைக்குத்தான். வாடகையை நாலு பேர் பிரிச்சுக்கோங்க. தோட்டத்துக்குள்ள, சொந்த இடத்துக்குள்ள ஓட்டுறதுக்கு மட்டும் மேல சொன்ன வயரிங்.

கடைசியா ஒண்ணு... இதுல மட்டும் ஜோக் கிடையாது. தீபாவளி சீசன்ல 'மாமா கடைக்கு நாலு பெட்டி பட்டாசு இறக்கிட்டு வந்துடு'ன்னு யாராவது சொல்வாங்க. ட்ரெய்லரோ, வெறும் பைக்கோ, முடியாதுன்னு சொல்லிடுங்க. 2021 நவம்பர் 4, தீபாவளி அன்னைக்கு, புதுச்சேரி எல்லையில கோட்டக்குப்பத்துல ஸ்கூட்டர்ல நாட்டு வெடி கொண்டுபோன ஒரு அப்பாவும் ஏழு வயசுப் பையனும் அந்த இடத்துலயே போயிட்டாங்க. 2024 தீபாவளிக்கு ஆந்திராவுல ஏலூர்லயும் ஸ்கூட்டர்தான், வெங்காய வெடிதான். சிவகாசியிலேயே 2016 அக்டோபர் 20-ல வேன்ல பட்டாசு ஏத்துறப்போ பிடிச்ச தீ... புகை பக்கத்துல இருந்த ஸ்கேன் சென்டருக்குள்ள புகுந்து, பட்டாசுக்குச் சம்பந்தமே இல்லாதவங்க செத்துப்போனாங்க.

பட்டாசு ஆலையில வேலை பார்க்கிற அக்காகிட்ட கேட்டுப் பாருங்க. மருந்து ரூமுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும். உடம்புல ஒட்டியிருக்கிற துளியூண்டு ஸ்டேட்டிக் கரண்ட் பூமிக்குப் போயிடணும்னுதான். அவ்வளவு துளி கரண்ட்டுக்கே அங்கே பயம். நீங்க டேப் சுத்தி வச்ச ஜாயின்ட் ஒரு குலுக்கல்ல விடுற பொறி அதைவிடப் பல மடங்கு பெருசு பாஸ்!