சத்தம் ஏறும், சக்தி ஏறாது

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ புல்லட்டுக்குச் சைலன்சர் தேடிப் போகிறவருக்குக் கடைவாசலிலேயே விளக்கம் கிடைத்துவிடும். “தம்பி, கம்பெனி சைலன்சர் வண்டிய மூச்சு முட்ட வெச்சிருக்கு. இத மாட்டுங்க, அடைப்பு போயிடும். பிக்கப் ஏறும், மைலேஜும் கூடும். சத்தத்தக் கேட்டா லாரிக்காரனே ஒதுங்கிப் போவான்.” பின்னால் கோல்டுஸ்டார், மெகாஃபோன், இந்தோரி, பஞ்சாப், ஷார்ட் பாட்டில் என்று பளபளப்பாகத் தொங்கும் குழாய்கள். இந்த வார்த்தைகளை நம்பிப் பணம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் வண்டியைக் குழந்தைபோல் பார்த்துக்கொள்பவர்கள். வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். அதனாலேயே இந்த விளக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் துண்டு, “அடைப்பு”. சைலன்சர் என்பது புகையை மறிக்கும் தடுப்பு, தடுப்பை எடுத்தால் சக்தி பெருகும் என்பது இதன் சாரம். என்ஜினிலிருந்து வெளியேறும் வாயு தண்ணீர்க் குழாயில் வருவதுபோல் ஒரே சீராக வருவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை, என்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்பில் பாய்கிறது. குழாய் விரிவடையும் இடத்தை அது தொட்டதும், அழுத்தம் குறைந்த எதிர் அலையாக மாறி என்ஜினை நோக்கித் திரும்புகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கும் தருணத்தில் அந்த எதிர் அலை வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை வெளியே உறிஞ்சி, புதுக் கலவைக்கு இடம் விடும். சற்று முன்னோ பின்னோ வந்தால் பயன் இல்லை. குழாயின் நீளமும் குறுக்களவும் இந்த நேரக் கணக்கை வைத்து முடிவாகின்றன. குறுக்களவைத் தாறுமாறாகக் கூட்டினால் வாயுவின் வேகம் தளர்ந்து, நகரத்தில் அதிகம் தேவைப்படும் குறைந்த சுற்றில் இழுவை குறையும். எக்ஸாஸ்டைத் திறந்துவிட்ட பிறகு சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்புவதாகப் பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

குழாய் சக்தி தரும் என்ற நம்பிக்கை பொய்யிலிருந்து பிறந்ததும் அல்ல. அது பிறந்த இடம் டூ ஸ்ட்ரோக் என்ஜின். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர், நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பரைச் செதுக்கிச் செதுக்கிச் சீராக்கினார். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் துளையை அடைக்க வால்வு கிடையாது. புதுக் கலவையும் புகையோடு சேர்ந்து வெளியே வழியும். வழிந்த கலவையைத் திரும்பும் அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடலாம் என்பதைக் காடன் நடைமுறையில் செய்துகாட்டினார். 1961இல் அவருடைய 125 சிசி என்ஜின் சுமார் 25 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 200. அதே ஆண்டு செப்டம்பரில் சுவீடன் பந்தயத்தின்போது எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பியோடி, இந்த நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. ஒரு குழாயின் ரகசியத்துக்காக நாடு விட்டு நாடு தாவிய கதை அது.

தமிழ்நாட்டில் இன்றும் ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களிடம் சேம்பரைப் பற்றிப் பேசினால் முகம் மலர்வதற்குக் காரணம் இதுதான். 98 சிசி டூ ஸ்ட்ரோக்கில் குழாயின் வடிவம் மாறினால் வண்டியின் குணமே மாறும். ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே தூக்கி ஒரு கிளாசிக் 350 புல்லட் மேல் வைப்பது தவறு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு வாசலை மூடிவிடுகிறது. இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே குழாயின் அலைக்கு வேலை உண்டு. நிதானமாக ஓடவென்றே வடிவமைத்த 350இல் அந்த இடைவெளியும் சிறிது. என்ஜினின் உச்சத் திறனே 20.2 குதிரைத்திறன். வெறும் சைலன்சரை மட்டும் மாற்றி அதில் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கிடைப்பது 0.6. அதுவும் 6,000 சுற்றைத் தாண்டிய இடத்தில். மவுண்ட் ரோட்டில் அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை.

“ரேஸ் வண்டியில போடுறாங்களே?” என்ற கேள்வி உடனே வரும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிகளில் திறந்த குழாய்கள் உண்டு என்பது உண்மை. அவற்றில் கேம் வேறு, கம்ப்ரெஷன் வேறு, எரிபொருள் கணக்கு வேறு. பந்தயம் முழுக்க உயர்ந்த சுற்றிலேயே ஓடுகின்றன. குழாய் அங்கே மொத்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி. அதை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து தெருவண்டியில் மாட்டினால் பந்தய வண்டியின் சத்தம் மட்டுமே கூட வரும்.

எடைக் குறைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி சைலன்சர் கனமானதுதான். மாற்றுக் குழாய் சில கிலோ குறைவாக இருக்கக்கூடும். 195 கிலோ வண்டியும் 70 கிலோ ஆளும் சேர்ந்த 265இல் மூன்று கிலோ குறைந்தால் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். நிரம்பிய பெட்ரோல் டேங்க் பாதியாகும்போது இதைவிட அதிகம் குறைகிறது.

மைலேஜ் பேச்சு இன்னும் பலவீனமானது. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகளில் எக்ஸாஸ்டில் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. மிதமான வேகத்தில் அது சொல்வதைக் கேட்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே இ.சி.யு. என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கலவையைத் திருத்திக்கொண்டிருக்கும். சைலன்சர் மாறினாலும் அந்த விகிதம் மாறாது. ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது மட்டும் இ.சி.யு. சென்சாரை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் பதித்த கணக்கைப் பின்பற்றும். அந்தக் கணக்கு கம்பெனிக் குழாய்க்காகப் போட்டது. காற்றோட்டம் மாறியிருந்தால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். பழைய கார்பரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டை மாற்றிச் சமாளித்த மெக்கானிக்குகள், இ.சி.யு. வண்டியில் அதைச் செய்ய முடியாமல் “ஓட ஓட செட் ஆயிடும்ணே” என்று அனுப்பிவைக்கிறார்கள். அதுவாகச் செட் ஆவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இனி, சக்தியைவிட ஆழமான ஓர் ஆசை. பழைய புல்லட்டின் அந்தத் தாளம் புது வண்டியில் இல்லை, சைலன்சரை மாற்றினால் அது திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். திருவொற்றியூர் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாக வார்த்தெடுத்த ஒலி அது. அதை விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் தாளம் குழாயில் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் நொடிக்கு ஏழுக்கும் குறைவான அடிகள். 1,050 சுற்று ஓடினால் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. முதலாவதைக் காது தனித்தனி அடிகளாகப் பிரித்துக் கேட்கும். இரண்டாவதில் அடிகள் நெருங்கிவிடும். பழைய வண்டியின் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல் எல்லாம் சேர்ந்துதான் என்ஜினை அணையாமல் அவ்வளவு மெதுவாகச் சுற்ற வைத்தன. புது என்ஜின் 72க்கு 85.8. மெகாஃபோனை மாட்டினால் அதே நெருக்கமான அடிகள் உரக்கக் கேட்கும். நிதானம் வராது.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும் ஒலியைச் சக்தியின் அடையாளமாகக் காட்டுவதும் இந்த வகைதான். பெரும்பாலும் அது பெண்ட் பைப் இணைப்பில் வெளிக்காற்று கசிந்து உள்ளே போவதன் விளைவு. எரியாமல் வந்த கலவை குழாயில் அந்தக் காற்றைச் சந்தித்து வெடிக்கிறது. ஓடும்போதே கில் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பட்டாசு விடுகிறவர்கள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பச்சைப் பெட்ரோலைக் கொட்டுகிறார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு உருகிப்போனால் புகையைச் சுத்திகரிக்கும் உறுப்பு போயிற்று. அடைத்துக்கொண்டால் கடைக்காரர் சொன்ன அடைப்பு அப்போதுதான் உண்மையாகவே உண்டாகும்.

“சத்தம் உயிரைக் காப்பாற்றும்” என்பதே எல்லாவற்றிலும் ஆபத்தான துண்டு. உலகம் முழுக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் இதைச் சொல்கிறார்கள். லாரியின் பக்கவாட்டில், கண்ணாடியில் தெரியாத இடத்தில் மெதுவாகப் போகும்போது சத்தம் உதவக்கூடும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விபத்து பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறது? லாஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைக் களத்திலேயே ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழு 1981இல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. ஆபத்துகளில் முக்கால் பங்குக்கும் மேல் ஓட்டுபவரின் நேர்முன்னே, இருபுறமும் 45 பாகைக்குள் இருந்தன. சைலன்சரின் வாய் பார்ப்பதோ பின்பக்கம். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யும் பாட்டும் ஓட எதிரே திரும்பும் காரின் டிரைவரை அந்த ஒலி எட்டும்போது முடிவு எடுக்க நேரம் இருக்காது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியை ஓட்டுபவரே கேட்காமல் போவது மட்டும் நிச்சயம்.

உயிரைக் காக்கும் வழிகள் வேறு இருக்கின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் நடந்து, 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், ஒளிரும் அல்லது பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு, கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட 24 விழுக்காடு குறைவு. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரிவது இந்தத் தர்க்கத்தில்தான். எதிரே வருபவர் கண்ணில் படுவதே பாதுகாப்பு. ஒரு சைலன்சரின் விலையில் நல்ல வெள்ளை ஹெல்மெட் வாங்கிவிடலாம்.

அடுத்தது சட்டம். “பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கு, போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாது” என்று தைரியம் சொல்வார்கள். அந்தச் சான்றிதழுக்கான சோதனை புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது, ஒலியை அளப்பதில்லை. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 90ஐ “கொஞ்சம் அதிகம்” என்று சொல்ல முடியாது. உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்பளித்திருக்கிறது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு உண்டு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று தனியாக இருக்கிறது. குழாயில் பொறித்த ஐரோப்பிய “ஈ” முத்திரையைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. அது குறிப்பிட்ட மாடலுக்கு, டிபி கில்லர் என்னும் ஒலி குறைக்கும் செருகி உள்ளேயே இருக்கும் நிலையில், அந்த நாடுகளின் விதிப்படி தந்த ஒப்புதல். டிபி கில்லரைக் கழற்றிய மறுகணம் அங்கேயே அது செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் குழாயை மாற்ற நியாயமான காரணங்கள் இருக்கலாம்: துரு தின்ற பழைய சைலன்சர், விழுந்து நசுங்கியது, பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டி. அப்போது கடைசித் துண்டு வந்து நிற்கும்: “நாலு போல்ட்டு, பத்து நிமிஷ வேலை.” இல்லை. முதலில் பார்க்க வேண்டியது அந்த மாடலுக்கென்றே செய்த குழாயா என்பது. சென்சாருக்கான துளை அதே இடத்தில் இருக்கிறதா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பில் இருக்கிறதா சைலன்சருக்குள்ளா, சென்டர் ஸ்டாண்டும் ஸ்விங் ஆர்மும் இடிக்காதா என்பவை அடுத்தவை. என்ஜின் முழுதாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ஹெட்டிலிருந்து வரும் ஸ்டட்கள் அலுமினியத்தில் பதிந்தவை. துருப்பிடித்த நட்டை எண்ணெய் விடாமல் பலவந்தமாகத் திருகினால் ஸ்டட் உடையும் அல்லது மரை போகும். அதைச் சரிசெய்யும் செலவு சைலன்சர் விலையையே தாண்டக்கூடும். பழைய கேஸ்கெட் ஒருமுறை நசுங்கியது. அதையே திரும்பப் போட்டால் கசிவு உறுதி.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகப் பூட்டி, குழாய் எந்த இடத்திலும் விறைத்து நிற்காமல் தானாக உட்காரவிட வேண்டும். பிறகு ஹெட் பக்கத்தில் தொடங்கிப் பின்நோக்கி இறுக்கிக்கொண்டு வருவதுதான் முறை. பின் பிராக்கெட்டை முதலில் முறுக்கிவிட்டு முன்பக்கத்தை வளைத்து இழுப்பவர்களின் வண்டியில் சில மாதங்களில் வெல்டிங் விரிசல் விடும். ஸ்டார்ட் செய்யும் முன் குரோமில் படிந்த கைரேகையையும் எண்ணெயையும் துடைக்காவிட்டால் சூட்டில் அவை கறையாக வெந்துவிடும். ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். கழற்றிய கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போடாமல், உள்ளே ஈரம் தங்காதபடி வாய்களைக் கட்டி வைப்பது அவசியம். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது, ஆர்.டி.ஓ. அலுவலகத்து ஆய்வாளர் பார்க்க வேண்டியது அதைத்தான்.