குற்றப்பத்திரிகை படிக்கத் தெரிய வேண்டும்

சிறையில் வக்காலத்துத் தாளில் கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அடுத்த வாய்தா என்றைக்கு என்பதைக் காவலரிடம்தான் கேட்க வேண்டும். தன்மேல் போட்டிருக்கும் பிரிவு எது, அதற்கு அதிகபட்சத் தண்டனை எத்தனை ஆண்டு, தான் உள்ளே கழித்த நாள் எத்தனை என்பதெல்லாம் பிறர் வாய்ச்சொல்லாகவே அவரிடம் வந்து சேர்கின்றன. கல்லூரி மாணவிகள் சிறைக்குச் சென்று பெண்களுக்கு வகுப்பு நடத்துவதைப் பற்றிப் பேசுவதானால், அந்தக் கைநாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர், நூற்றுக்கு நால்வர். எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களுக்குப் பாதகமாகிவிடுகிறது. அப்போது நாட்டில் இருந்த 1,330 சிறைகளில் பெண்களுக்கென்றே இருந்தவை 34தான். மற்ற இடங்களில் ஆண்கள் சிறையின் ஓர் ஓரத்தைத் தடுத்துப் பெண்களை வைத்திருக்கிறார்கள். நூலகமும் தொழிற்கூடமும் பெரும்பாலும் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. தமிழ்நாட்டின் நிலை சற்று மேல். புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என ஐந்து பெண்கள் தனிச்சிறைகள் இங்கே உள்ளன. ஐந்துமே கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர்களை ஒட்டியவை.

ஆனாலும் கல்லூரிக்கும் சிறைக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் விழா நாள் உறவாகவே இருக்கிறது. ஒரு சொற்பொழிவு, ஒரு கலைநிகழ்ச்சி, பிறகு அடுத்த ஆண்டுதான். தன்னார்வத்தை மட்டும் நம்பினால் இதற்கு மேல் நகர்வது கடினம். மாணவி பருவத்தேர்வு வந்தால் போய்விடுவார். விசாரணைக் கைதி பிணை கிடைத்ததும் போய்விடுவார். அக்கறையுள்ள சிறை அதிகாரி இடமாறுதலில் போய்விடுவார். மூவரும் போன பிறகும் வகுப்பு நடக்க வழி உண்டா என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்தக் கேள்விக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கிடைத்தது. லண்டன் நியூகேட் சிறையில் பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்த கொட்டடிக்குச் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை முதன்முதலில் சென்றது 1813இல். சில ஆண்டுகள் கழித்து அவர் அங்கே பள்ளி தொடங்கியபோது, ஆசிரியரை வெளியிலிருந்து கூட்டி வரவில்லை. கைதிகளே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிகாரம் திருடிய வழக்கில் உள்ளே வந்த மேரி கானர் என்ற இளம்பெண் ஆசிரியரானார். ஒழுங்கு விதிகளையும் கைதிகளின் ஒப்புதல் பெற்றே ஃப்ரை நடைமுறைப்படுத்தினார். வெளியிலிருந்து வருபவரின் முதல் வேலை உள்ளே ஓர் ஆசிரியரை உருவாக்குவது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

கல்வியால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் சிறை பதில் சொல்லும். கைதிகளுக்கான கல்வி உதவித்தொகையை அமெரிக்க அரசு 1994இல் நிறுத்தியதும் அங்கிருந்த கல்லூரி வகுப்புகள் மூடப்பட்டன. 1997இல் பல கல்லூரிகள் கைகோத்துத் தனியார் நன்கொடையில் அவற்றை மீட்டன. கைதிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. கல்லூரி வகுப்பில் படித்தவர்களில் விடுதலையான 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தவர்கள் 7.7 விழுக்காடு, படிக்காதவர்களில் 29.9 விழுக்காடு. தாமாக முன்வந்து படிப்பவர்களிடம் திருந்தும் விருப்பம் முன்பே இருந்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

ஆனால், அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே படித்தவர்கள் தண்டனை பெற்று, ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் இருந்தவர்கள். இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். நாளை போய்விடக்கூடும், 3 ஆண்டு இருக்கவும் கூடும். ‘தப்பு செய்தவர்களுக்கு எதற்குப் பாடம்’ என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுத்தறிவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், இங்கே தேவைப்படும் வகுப்பின் உருவம் தெளிவாகும். அது குறுகிய காலத்தில் கைகொடுக்க வேண்டும். எந்த நாளில் நின்றாலும், அதுவரை கற்றது பயன்பட வேண்டும்.

அதற்கான முன்னோடி நம்மிடமே இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமாகப் போய்வர முடிந்ததால், கற்றது வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது. சிறைக்குள் அந்தச் சைக்கிளின் இடத்தில் இருப்பது வழக்குத் தாள். தன் பெயர், தன் பிரிவு எண், வாய்தா தேதி, பிள்ளைக்கு ஒரு கடிதம்: முதல் பாடப்புத்தகம் இதுதான்.

இதில் சட்டமும் துணைக்கு இருக்கிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களைத் தவிர்த்து, முதன்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் பிணைக்கு வழிசெய்கிறது. வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பது போன்ற விலக்குகளும் உண்டு. நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. தன் நாள்களைத் தானே எண்ணத் தெரிந்த பெண், அந்தக் கடமையை நினைவூட்டவும் முடியும்.

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். வாரம் 2 மணி நேரம், 30 வாரம் என்றால் 60 மணி நேரம். ஓராண்டுக் கணக்கில் பாதி. இதை மதிப்பெண்ணுக்குரிய பாடமாக்கி, கல்லூரியும் சிறைத் துறையும் ஒப்பந்தம் செய்துகொண்டால், ஒரு மாணவி போனாலும் அடுத்த மாணவி வருவார். முதல் வகுப்புக்கு முன்பே மாணவிகளுக்குப் பயிற்சி வேண்டும். ‘என்ன கேஸ்?’ என்று கேட்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அங்கே இருப்பவர் அனுதாபத்துக்குக் காத்திருப்பவர் அல்லர், பாடம் கேட்க வந்தவர் என்ற மரியாதை வேண்டும்.

ஒவ்வொரு பிரிவிலும் படித்த சிறைவாசிகளைத் துணையாசிரியர்களாக்க வேண்டும். தையலுக்கும் சமையலுக்கும் ஊதியம் உண்டு என்றால் கற்பிப்பதற்கும் கொடுக்க வேண்டும். சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கவே கூடாது. பிணையில் போகும் பெண்ணிடம், தன் ஊருக்கு அருகே எங்கே, யாரிடம் படிப்பைத் தொடரலாம் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

2022ஆம் ஆண்டின் அதே அறிக்கை, 1,537 பெண்கள் தங்களுடைய 1,764 குழந்தைகளோடு சிறையில் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி, 6 வயதானதும் குழந்தை தாயைப் பிரிந்து வெளியே போக வேண்டும். பள்ளியில் சேர்ந்த அந்தக் குழந்தை என்றோ ஒரு நாள் அம்மாவுக்குக் கடிதம் எழுதும். அதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கும் நிலையில் எந்தத் தாயும் இருக்கக் கூடாது.