ஆகுர்டியில் கேட்கப்படாத கேள்வி

2024 நவம்பர் 20 அன்று நடந்த மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில், 288 இடங்களில் பாஜக மட்டும் 132 இடங்களைக் கைப்பற்றியது. மார்க்சிஸ்ட் கட்சி வென்றது தகானு ஒன்றில்தான். பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் அளிக்கும் திட்டம் ஆளும் கூட்டணிக்குப் பெரிதும் துணைநின்றது. அத்தொகையைப் பெற்ற உழைப்பாளிப் பெண்களை இகழ்வோர், அவர்களது ஊதியம் ஏன் போதவில்லை என்று கேட்பதில்லை.

அதற்குப் பதினைந்து நாள் முன்னர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் டிரம்பை ஆதரித்தது. அதே நாளில், குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் முன்மொழிவையும் அம்மக்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினர். (மறு ஆண்டே சட்டமன்றம் அதிலிருந்த நோய்க்கால விடுப்புரிமையைப் பறித்தது, வர்க்கக் குணம் கடல் கடந்தும் மாறுவதில்லை.)

இந்தியாவில் அத்தகைய வாக்கெடுப்பு இல்லை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் தொழிலாளியின் ஒப்புதலின்றியே 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 2007இல் பஜாஜ் ஆட்டோ உற்பத்தியை நிறுத்திய ஆகுர்டியில், ஒப்பந்தமுறை வேண்டுமா என்று எந்த வாக்குச்சீட்டும் கேட்டதில்லை.

தகானுவில் வினோத் நிக்கோலே 2019இலும் 2024இலும் வென்றதன் பின்னே, ஆதிவாசிகளின் நெடுநாள் நிலவுரிமைப் போராட்டம் உள்ளது. பீடித் தொழிலாளர்க்கு வீடுகள் பெற்றுத்தந்த நரசய்யா ஆடம் சோலாப்பூரில் தோற்றதும் உண்மையே. அங்கே காங்கிரசும் வேட்பாளரை நிறுத்தியது. ஆயினும் கோரிக்கையே வேரூன்றாத ஆகுர்டியில் கூட்டணிக் கணக்கைப் பேசிப் பயனில்லை. நிரந்தரப் பணி, குறைந்தபட்ச ஊதியம் என்னும் இரண்டையும் முன்வைத்து, ஆலை வாயில்களில் தொழிற்சங்கமே வாக்குப்பெட்டி வைக்கலாம். அதற்குத் தேர்தல் ஆணையத்தின் அறிவிக்கை தேவையில்லை.